பட்டனை அமுக்கினால் வெள்ளையாகிறது: டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதும் பிள்ளைகள் என்னிடம் கேட்பவை

கரூரில் மளிகை, ஜவுளி, மருந்துக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய மொழியில் ஆரம்பித்தேன். இப்போது மொழி சி ஷார்ப், திரைக்கு வின்ஃபார்ம்ஸ் (இரண்டும் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டைச் சேர்ந்தவை), டேட்டாவை ஒரே ஃபைலில் வைக்க எஸ்க்யூலைட். "இன்னுமா டெஸ்க்டாப்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது. நெட் போனாலும் கடையில் பில் வரவேண்டும்.

என்னிடம் வேலை பழகிப் போனவர்கள் ஏழெட்டுப் பேர் இப்போது தனியாகத் தொழில் செய்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் அடித்தால் அவர்களில் ஒருவர்தான். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனதால் எழுதி வைக்கிறேன். எந்தக் கேள்வி வந்தாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "உன் மெஷின்லயா கண்ணு, கடை மெஷின்லயா?"

"ரிப்போர்ட் பட்டனை அமுக்குனா ஸ்கிரீன் வெள்ளையாயிருதுங்கக்கா"

உன் மெஷினில் 200 பில் இருக்கும். கடையில் மூன்று வருஷ பில் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

விண்டோவை வரைவது, மவுஸையும் கீபோர்டையும் கவனிப்பது எல்லாம் ஒரே த்ரெட் (புரோகிராமுக்குள் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒரு ஆள் மாதிரி). கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே சரக்கெடுக்க குடோனுக்குப் போய்விட்டால் வந்தவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது அல்லவா, அதே கதை. ஐந்து நொடி பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்த விண்டோவை வெளிறச் செய்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். அதைவிட மோசம், அந்த ஐந்து நொடிக்குள் கடைக்காரர் பொறுமை இழந்து அமுக்கிய அமுக்கெல்லாம் வரிசையில் காத்து நிற்பது. முதல் வேலை முடிந்ததும் அவை ஒவ்வொன்றாக ஓடும். ஒரே பில் நாலு தடவை பிரிண்ட் ஆகி வந்தது என்றால் காரணம் இதுதான்.

சரிசெய்வது இப்படி. பட்டனின் கிளிக் ஹேண்ட்லரை, அதாவது அமுக்கினால் ஓடும் கோடை, ஏசிங்க் (async) ஆக்கு (அசிங்கம் என்று படிக்காதே). உள்ளே முதல் வரியிலேயே பட்டனை டிசேபிள் பண்ணு. டேட்டாபேஸில் இருந்து இழுப்பது, கூட்டுவது ஆகிய கனமான வேலைகளை டாஸ்க்.ரன் (வேலையை வேறு த்ரெட்டில் ஓட்டுவது) உள்ளே வைத்து அவெய்ட் (விண்டோவை முடக்காமல் முடியும்வரை காத்திருப்பது) பண்ணு. அந்த வேலை ஒரு லிஸ்ட்டைத் திருப்பித் தரவேண்டும், அதோடு சரி. உள்ளிருந்து கிரிட், லேபிள் எதையும் தொடக்கூடாது. அவெய்ட்டுக்கு அடுத்த வரிக்கு வரும்போது நீ மறுபடி விண்டோவின் த்ரெட்டில் இருப்பாய், அங்கே கிரிட்டை நிரப்பு. கடைசியில் ஃபைனலி பிளாக்கில் பட்டனை எனேபிள் பண்ணு. ஃபைனலியில் வைக்காவிட்டால், ஒரு எரர் வந்த அன்றைக்கு பட்டன் செத்தது செத்ததாகவே கிடக்கும்.

டாஸ்க்.ரன் உள்ளிருந்து லேபிளைத் தொட்டால் 'கிராஸ் த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்' என்று வரும். அந்தச் சோதனையையே நிறுத்திவைக்க ஒரு செட்டிங் இருப்பதைக் கண்டுபிடித்து அதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு "சரியாயிருச்சுங்கக்கா" என்பார்கள். குக்கர் விசில் அடிக்கிறது என்று வெயிட் மேல் கல்லை வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. எத்தனை சதவீதம் முடிந்தது என்று நடுவில் காட்ட வேண்டுமானால் ப்ராக்ரஸ் கிளாஸ் இருக்கிறது. அதை விண்டோ த்ரெட்டில் உருவாக்கி உள்ளே அனுப்பினால் செய்தியைச் சரியான த்ரெட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

அவெய்ட் போடச் சோம்பல்பட்டு டாஸ்க்கின் ரிசல்ட்டை நேரடியாகக் கேட்பவர்களும் உண்டு. விண்டோ த்ரெட் அந்த வேலை முடியட்டும் என்று நிற்கும். வேலையோ தன் கடைசிப் படியை முடிக்க விண்டோ த்ரெட் காலியாகட்டும் என்று நிற்கும். பந்தியில் "நீங்க உக்காருங்க", "இல்லல்ல, நீங்க உக்காருங்க" என்று இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்பது போல.

விபி6 காலத்து ஆட்களுக்குத் தனியாக ஒன்று: காத்திருக்கும் கிளிக்குகளை வேலை நடுவிலேயே ஓடவிடும் டூஈவென்ட்ஸ் பக்கம் போகாதீர்கள். நான் போனேன். சேவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாவது சேவ் கிளிக்கையும் உள்ளே விட்டுவிட்டது. ஒரே பில் நம்பரில் இரண்டு பில். ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

"நேத்து வரைக்கும் போட்ட பில்லெல்லாம் காணோம்"

2012இல் எனக்கே நடந்தது. ஒரு ஜவுளிக்கடை. விண்டோஸ் 7 மெஷின், என் பழைய விபி6 புரோகிராம். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எக்ஸ்ஈ, அதன் பக்கத்திலேயே எம்டிபி (ஆக்சஸ்) டேட்டா ஃபைல். எக்ஸ்பி காலத்துப் பழக்கம். முதலாளியின் மருமகன் கடைக்கு வர ஆரம்பித்து, தனக்கென்று விண்டோஸில் புது யூசர் உருவாக்கி உள்ளே போனார். சாஃப்ட்வேரைத் திறந்தால் ஒரு பில்கூட இல்லை. இன்ஸ்டால் பண்ணிய அன்றைக்கு இருந்த வெற்று டேட்டா.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வைரஸ் என்றே நினைத்தேன். புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த எம்டிபியின் தேதியைப் பார்த்தால், இன்ஸ்டால் பண்ணிய நாளுக்கப்புறம் அதை யாரும் தொடவே இல்லை. அப்படியானால் எட்டு மாதமாக முதலாளி போட்ட பில் எதில் போய் உட்கார்ந்தது? மெஷின் முழுக்க அந்த ஃபைல் பெயரைத் தேடினேன். முதலாளியின் யூசர் ஃபோல்டரில், ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் 'வெர்ச்சுவல்ஸ்டோர்' என்று ஒரு ஃபோல்டர். அங்கே பத்திரமாக இருந்தது.

விண்டோஸ் விஸ்டாவில் இருந்து சாதாரண யூசர் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முடியாது. ஆனால் மேனிஃபெஸ்ட் (தனக்கு என்ன உரிமை வேண்டும் என்று புரோகிராம் விண்டோஸுக்குச் சொல்லும் சீட்டு) இல்லாத பழைய 32 பிட் புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாதே என்று விண்டோஸ் ஒரு உபகாரம் செய்கிறது. எழுத வந்ததைத் தடுக்காமல், அந்த யூசருக்கென்று ஒரு நகலை வெர்ச்சுவல்ஸ்டோரில் போட்டு அதில் எழுதவிடுகிறது. புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது. ஆளுக்கொரு யூசர், ஆளுக்கொரு நகல்.

இன்று டாட்நெட்டில் எழுதினால் மேனிஃபெஸ்ட் கூடவே வருகிறது, அதனால் இந்த உபகாரம் நடக்காது. நேரடியாக 'ஆக்சஸ் டினைட்' வரும். அது நல்லதுதான், திருட்டுத்தனம் இல்லை. ஆனால் அதற்கு மருந்தாக "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டுட்டேங்கக்கா" என்று சொல்லாதே. அட்மினாக ஓடும் புரோகிராமுக்கு, கடைக்காரர் மேப் பண்ணி வைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவ் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் இருந்து ஃபைலை இழுத்துப் போடுவதும் வேலை செய்யாது. அடுத்த போன் அதற்காக வரும்.

செய்யவேண்டியது இது. எல்லா யூசருக்கும் பொதுவான டேட்டா புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குப் போகட்டும். யூசருக்கு மட்டுமான செட்டிங் ஆப்டேட்டாவுக்குப் போகட்டும். பாதையைக் கையால் எழுதாமல் கெட்ஃபோல்டர்பாத் மூலம் விண்டோஸையே கேட்டு வாங்கு. ஒன்று மட்டும் கவனம். புரோகிராம்டேட்டாவில் ஒரு யூசர் உருவாக்கிய ஃபைலை இன்னொரு சாதாரண யூசர் படிக்கலாம், திருத்த முடியாது. அதனால் இன்ஸ்டாலர் ஓடும்போதே உன் ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸ் குழுவுக்குத் திருத்தும் உரிமை கொடுத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டு, முதல் யூசரில் மட்டும் சோதித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். சோதனைக்கென்று உன் மெஷினிலேயே அட்மின் அல்லாத ஒரு யூசரை உருவாக்கி வைத்துக்கொள்.

இதற்குத் தம்பி முறையில் ஒரு பிரச்சினை: "லோகோ படம் செலக்ட் பண்ணினதுக்கப்புறம் கான்ஃபிக் ஃபைல் கிடைக்கலைன்னு சொல்லுது." வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால் விண்டோஸ் அதைக் கரண்ட் டைரக்டரியில் தேடும். ஃபைல் செலக்ட் பண்ணும் டயலாக் அந்தக் கரண்ட் டைரக்டரியை மாற்றிவிடலாம். எக்ஸ்ஈ இருக்கும் ஃபோல்டர் வேண்டுமென்றால் ஆப்கான்டெக்ஸ்டின் பேஸ்டைரக்டரியைக் கேள்.

பைசாவும் தேதியும்

காசுக்கு டபுள் வேண்டாம், டெசிமல் போடு (இரண்டும் புள்ளி வைத்த எண்ணைச் சேமிக்கும் வகைகள்). டபுளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது ரவுண்டிங்.

85 ரூபாய் பொருள், ஜிஎஸ்டி 5 சதவீதம். வரி 4.25. அதை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதியாக்கினால் தலா 2.125. டாட்நெட்டின் மேத்.ரவுண்ட் எதுவும் சொல்லாவிட்டால் சரிபாதியில் இருப்பதை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். 2.12 வரும், இரண்டும் சேர்ந்து 4.24. 'அவே ஃபிரம் ஜீரோ' என்று சொன்னால் 2.13, சேர்ந்து 4.26. எப்படிப் போட்டாலும் 4.25 வராது! அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ரவுண்ட் பண்ணாதே. வரிவிகிதம் வாரியாகக் கூட்டி பில்லின் அடியில் ஒரே தடவை ரவுண்ட் பண்ணு. ரவுண்ட் பண்ணிய இரண்டு வரியையும் கூட்டியதையே மொத்த வரியாக வை, மிச்சத்தை 'ரவுண்ட் ஆஃப்' என்ற வரியில் காட்டு. எந்த முறை என்று கடையின் ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

தேதி விஷயத்தில் 2023 தீபாவளி எனக்கு ஒரு பாடம். ஒரு கடையில் அக்டோபர் கடைசியில் வாங்கிய புது மெஷினில் நவம்பர் 1இல் இருந்து பில் போட ஆரம்பித்தார்கள். ரீஜன் செட்டிங் அமெரிக்கன் இங்கிலீஷ், யாரும் மாற்றவில்லை. என் பழைய கோடில் ஓரிடத்தில் நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் எழுதிய தேதியை, மெஷினின் செட்டிங்படி திருப்பிப் படிக்கும் வரி ஒன்று இருந்தது. நவம்பர் 12 தீபாவளி வரை ஒரு சத்தமும் இல்லை. வியாபாரம் ஜோராக ஓடியது. 13ஆம் தேதி காலை சேவ் ஆகவில்லை. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே! போய்ப் பார்த்தால் நவம்பர் 5 பில் மே 11இல் உட்கார்ந்திருக்கிறது. தீபாவளி பில்லெல்லாம் டிசம்பர் 11இல். அந்தப் பன்னிரண்டு நாளில் சரியாக இருந்தது 11ஆம் தேதி மட்டும். வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் சேமி. எழுதும்போதும் படிக்கும்போதும் இன்வேரியன்ட் கல்ச்சர் (மெஷினின் செட்டிங்குக்கு ஏற்ப மாறாத வடிவம்) கொடு. திரையில் காட்டும்போது மட்டும் நம்மூர் வழக்கப்படி காட்டு.

"ரெண்டு கவுன்டர்ல போட்டா டேட்டாபேஸ் லாக்டுன்னு வருது"

ஒரே மெஷினில் வருகிறதா, இரண்டு மெஷினிலா?

ஒரே மெஷின் என்றால்: பிஸி டைம்அவுட் (லாக் விடும்வரை காத்திருக்கும் நேரம்) 5000 மில்லி செகண்ட் வை, ஜர்னல் மோடை வால் (WAL, புதிதாக எழுதுவதை முதலில் பக்கத்து ஃபைலில் போடும் முறை) ஆக்கு, டிரான்ஸாக்ஷனை (ஒரே மூச்சில் சேரவேண்டிய பதிவுகளை) சின்னதாக வை. ஒரு பையன் டிரான்ஸாக்ஷனைத் திறந்துவிட்டு, அதற்குள் "சேமிக்கலாமா?" என்று மெசேஜ் பாக்ஸ் காட்டியிருந்தான். கடைக்காரர் அதைத் திரையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார், அவர் திரும்பும்வரை லாக்கும் விடவில்லை.

இரண்டு மெஷின் என்றால்: ஷேர் பண்ணிய ஃபோல்டரில் எஸ்க்யூலைட் ஃபைலை வைத்து இரண்டு பக்கமிருந்தும் திறக்காதே. நெட்வொர்க் ஃபோல்டரில் ஃபைல் லாக் நம்பத்தகுந்ததல்ல, வால் மோடோ எல்லோரும் ஒரே மெஷினில் இருந்தால்தான் வேலை செய்யும். மெயின் கவுன்டர் மெஷினில் ஒரு சின்ன சர்வீஸ் ஓடட்டும், அது மட்டும் ஃபைலைத் தொடட்டும், மற்ற கவுன்டர்கள் அதனிடம் கேட்கட்டும். அதை எழுதப் பொறுமை இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் (பல மெஷின்கள் சேர்ந்து கேட்கக்கூடிய டேட்டாபேஸ் சர்வர்) போடு.

பேக்அப்பிலும் ஒரு குழி இருக்கிறது. வால் மோடில் புதிதாக எழுதியவை கொஞ்ச நேரம் பக்கத்தில் உள்ள வால் ஃபைலில்தான் இருக்கும். மெயின் ஃபைலை மட்டும் பென்டிரைவில் காப்பி பண்ணினால் அன்றைய பில் விட்டுப்போகலாம். 2019இல் வந்த 3.27 பதிப்பிலிருந்து 'வேக்யூம் இன்டூ' என்ற கட்டளை இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு நகல் எடுத்துத் தரும். எடுத்த நகலைத் திறந்து கடைசி பில் நம்பரைப் படித்துக் காட்டும்படியும் எழுதிவிடு. திறந்து பார்க்காத பேக்அப்பை நான் பேக்அப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

"தெர்மல் பிரிண்டர்ல தமிழ் வரலீங்கக்கா, கேள்விக்குறியா வருது"

வராது. பெரும்பாலான பிரிண்டர்களுக்குள் இருக்கும் எழுத்தில் தமிழ் கிடையாது. நீ டெக்ஸ்ட்டாக அனுப்பும் வரை கேள்விக்குறியோ வேறு கிறுக்கலோதான் வரும். தமிழைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும்.

80 மில்லிமீட்டர் ரோல் என்றால் வழக்கமாக அகலம் 576 புள்ளி. 58 மில்லிமீட்டர் என்றால் 384. அந்த அகலத்தில் ஒரு பிட்மேப் எடு. டெக்ஸ்ட் ரெண்டரிங்கில் ஆன்டி ஏலியாஸை நிறுத்து. விட்டால் எழுத்தின் ஓரம் சாம்பலாக வரும், கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது பொரித்த அப்பளம் மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். பொருள் பெயரை இடது ஓரத்தில் வரை. தொகையின் அகலத்தை அளந்து, வலது ஓரத்தில் இருந்து கழித்து வரை. ஸ்பேஸ் போட்டு நேர்ப்படுத்தும் பழைய வித்தை தமிழில் பலிக்காது. 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலமா? பிறகு எட்டுப் புள்ளியை ஒரு பைட்டாக்கி, அதாவது 576க்கு வரிசைக்கு 72 பைட், ராஸ்டர் கட்டளையில் (படத்தைப் புள்ளி வரிசையாக அடிக்கச் சொல்வது) அனுப்பு. பில் முழுவதையும் ஒரே படமாக அனுப்பாமல் துண்டு துண்டாக அனுப்பு. விலை குறைந்த பிரிண்டர்கள் நடுவில் திக்கும்.

எழுத்தின் அளவை ரொம்பக் குறைக்காதே. இந்தப் பிரிண்டர்கள் மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிதான் அடிக்கும். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போனால் என் அனுபவத்தில் முதலில் சாவது மெய்யெழுத்தின் புள்ளி. 'உளுந்தம் பருப்பு' என்பது 'உளுநதம பருபபு' என்று வந்து, ஒரு வாத்தியாரம்மா சிவப்பு மையில் திருத்திக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஃபான்ட்டையும் பார். உன் மெஷினில் லதா இருக்கும். கடையின் விண்டோஸ் 10இல் தனியாகச் சேர்த்தால்தான் வரும், இல்லாவிட்டால் வேறு ஃபான்ட் உள்ளே புகுந்து அகலமெல்லாம் மாறும். நிர்மலா யுஐ விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. நான் நோட்டோ சான்ஸ் தமிழை இன்ஸ்டாலரோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறேன், அதன் உரிமம் அதற்கு இடம் தருகிறது.

தமிழ் பற்றி இன்னும் இரண்டு. 'கோதுமை' கண்ணுக்கு மூன்று எழுத்து, ஸ்ட்ரிங்கின் லென்த் ஆறு சொல்லும். நீளமான பெயரைச் சப்ஸ்ட்ரிங் வைத்து வெட்டினால் துணைக்கால் ஒரு பக்கம், உயிர்மெய் ஒரு பக்கம் என்று பிய்ந்துவிடும். வெட்ட ஸ்ட்ரிங்இன்ஃபோ கிளாஸைப் பயன்படுத்து. இரண்டாவது, அதே 'கோ'வில் உள்ள குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். பார்க்க இரண்டும் ஒன்றுதான், எஸ்க்யூலைட்டுக்கு வேறு வேறு. எக்ஸலில் இருந்து ஏற்றிய 'கோதுமை'யைத் தேடினால் கிடைக்கவில்லை என்றால் இதைச் சந்தேகப்படு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் நார்மலைஸ் பண்ணு, அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்று.

சில்லறைக் கேள்விகள்

'ஏஸ் ஓலெடிபி ப்ரொவைடர் (எக்ஸல், ஆக்சஸ் ஃபைல்களைப் படிக்க உதவும் மைக்ரோசாஃப்ட் துணை) ரிஜிஸ்டர் ஆகவில்லை' என்றால், பெரும்பாலும் உன் புரோகிராமும் அந்த மெஷினில் உள்ள ஆபீஸும் ஒன்று 32 பிட், ஒன்று 64 பிட்டாக இருக்கும். எக்ஸல் ஃபைலைப் படிக்க மட்டும்தான் அது தேவை என்றால், ஆபீஸே தேவைப்படாத லைப்ரரிக்கு மாறிவிடு.

லேப்டாப்பில் பட்டன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் டிஸ்ப்ளே ஸ்கேல் 125 அல்லது 150 சதவீதத்தில் இருக்கும். கடைக்காரரிடம் 100 ஆக்கச் சொல்லாதே, அவருக்குக் கண் தெரியவேண்டாமா? டேபிள் லேஅவுட் பேனலில் அடுக்கு, ஆங்கர் வை, உன் மெஷினிலேயே 150இல் ஓட்டிப் பார்.

பார்கோட் ஸ்கேனர் கணினிக்கு ஒரு கீபோர்ட்தான். வேகமாக டைப் அடித்து முடிவில் என்டர் தட்டும். ஃபோகஸ் 'டெலிட்' பட்டனில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்.

கடையில் விண்டோஸ் 7 இருந்தால் டாட்நெட் 8 ஓடாது. ஃபிரேம்வொர்க் 4.8தான்.

எரர் வந்தால்

"ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன்." கடையில் இருந்து வரும் தகவல் இவ்வளவுதான், அவர்கள் மேல் குற்றமில்லை. புரோகிராம் தொடங்கும் இடத்திலேயே த்ரெட்எக்ஸெப்ஷன், அன்ஹேண்டில்ட்எக்ஸெப்ஷன் (வேறெங்கும் பிடிபடாத எரரைச் சொல்லும் நிகழ்வுகள்) இரண்டையும் பிடித்து, தேதி, பதிப்பு எண், யூசர், எரரின் முழு விவரம் எல்லாவற்றையும் புரோகிராம்டேட்டாவில் நாளுக்கொரு லாக் ஃபைலில் எழுது. முதல் வரியில் விண்டோஸ் பதிப்பு, ரீஜன் செட்டிங், திரையின் ஸ்கேல், 32ஆ 64ஆ என்பதும் இருக்கட்டும். மேலே சொன்னதில் பாதிக்கு அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கும்.

ஹெல்ப் மெனுவில் 'அக்காவுக்கு அனுப்பு' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். கடைசி மூன்று நாள் லாக்கை ஜிப் ஆக்கி டெஸ்க்டாப்பில் போட்டு, அந்த ஃபோல்டரையும் திறந்து காட்டும். கடைப் பையன் அதை வாட்ஸ்அப் வெப்பில் இழுத்துப் போட்டால் போதும். வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் லாக்கில் போகாதபடி பார்த்துக்கொள்.